கால் பலத்தில் 144 கிலோமீட்டர்: பேட்டில் மவுண்டன் பந்தயத்தின் கணக்கு

சைக்கிளில் மனிதர் எட்டிய உச்ச வேகம் எவ்வளவு என்று தேடினால், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று விடைகள் கிடைக்கும். மணிக்கு 296 கிலோமீட்டர், 227 கிலோமீட்டர், 144 கிலோமீட்டர். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். எண்ணில் சிறியதான 144-தான் என் பார்வையில் இவற்றில் வியப்பானது. அந்த எண் எங்கே, எப்படி, என்னென்ன நிபந்தனைகளோடு கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மூன்று சாதனைகள், மூன்று நிபந்தனைகள்

1. 296 கி.மீ. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் பானவில் உப்புச் சமவெளியில் டெனிஸ் முல்லர்-கோரெனெக் எட்டியது. அவருக்கு முன்னால் ஒரு பந்தயக் கார் ஓடியது. காரின் பின்புறத்தில் பொருத்திய பெரிய மறைப்புக்குள் அவர் சைக்கிளை ஓட்டினார். காற்றை விலக்கிக் கொடுத்தது கார். அவ்வளவு வேகத்தில் அந்த மறைப்பை விட்டு விலகாமல் ஓட்ட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனால் காற்றோடு அவர் நேரடியாக மோதவில்லை.

2. 227 கி.மீ. 2017 மார்ச்சில் பிரான்சின் வார் பனிச்சரிவில் எரிக் பரோன் இறங்கியது. இங்கே எஞ்சின் வேலையைச் செய்தது புவியீர்ப்பு.

3. 144 கி.மீ. 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பேட்டில் மவுண்டன் என்ற ஊருக்கு அருகே, கனடாவின் டாட் ரைக்கர்ட் எட்டியது. துல்லியமாகச் சொன்னால் 144.17 கி.மீ. முன்னால் கார் இல்லை, பனிமலைச் சரிவு இல்லை, மோட்டார் இல்லை, சேமித்து வைத்த மின்சாரமும் இல்லை.

மூன்றாவது வகைக்குத்தான் மனித ஆற்றல் வாகனப் பந்தயம் என்று பெயர். இதில் ஓடும் வண்டியைப் பார்த்தால் சைக்கிள் என்று சட்டென்று தோன்றாது. தரையை ஒட்டிய, இரண்டரை மூன்று மீட்டர் நீளமுள்ள, இரு முனையும் கூம்பிய ஓர் ஓடு. அதற்குள் ஒருவர் மல்லாந்து படுத்தபடி, கால்களை முன்னால் நீட்டிப் பெடல் மிதிக்கிறார். இவ்வகை வண்டியை ஸ்ட்ரீம்லைனர் என்கிறார்கள். உள்ளே இருப்பது இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி, பெடல். அந்த அளவில் அது சைக்கிள்தான்.

காற்று கேட்கும் விலை

இந்தப் பந்தயத்தில் உள்ள விநோதங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒரே ஒரு சூத்திரம். காற்று தரும் எதிர்ப்பு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்த விசையை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் எட்டு மடங்கு திறன் வேண்டும்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் நிலைமை புரியும். 144 கி.மீ. என்பது நொடிக்கு 40 மீட்டர். பந்தய சைக்கிளில் நன்றாகக் குனிந்து ஓட்டும் ஒருவர் இந்த வேகத்தில் போக வேண்டுமானால், காற்றைத் தள்ள மட்டும் 8,000 வாட்ஸுக்கு மேல் தேவைப்படும். கிட்டத்தட்ட 11 குதிரைத்திறன். உலகின் தலைசிறந்த டிராக் வீரர்கள் சில நொடிகளுக்கு 2,000 வாட்ஸைத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் நல்ல பயிற்சி பெற்றவரால்கூட 400, 450 வாட்ஸ்தான் முடியும்.

ஆக, கால்களை எவ்வளவு வலுவாக்கினாலும் இந்த இடைவெளி நிரம்பாது. மிச்சமிருக்கும் வழி, காற்று இழுவையைக் குறைப்பதுதான். அதை இருபதில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் 8,400 வாட்ஸ் 420 ஆகிவிடும். மனிதருக்கு எட்டும் எண்!

குறைப்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, முன்பக்கப் பரப்பு. நிமிர்ந்து உட்காராமல் படுத்துக்கொண்டால் காற்றில் மோதும் பரப்பு வெகுவாகச் சுருங்கும். மற்றொன்று வடிவம். மனித உடல் காற்றுக்கு மிக மோசமான வடிவம். பின்னால் பெரிய சுழல்களை உண்டாக்கி, அதனால் பின்னோக்கி இழுக்கப்படும். மூக்கு உருண்டு, வால் மெல்லக் கூம்பி முடியும் ஓடு அந்தச் சுழல்களை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும்.

இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டின் மேற்பரப்பை ஒட்டிப் போகும் மெல்லிய காற்றடுக்கு வரிச்சீராகவும் (குழம்பாமல் அடுக்கடுக்காக) ஓடலாம், சுழற்சியாகவும் ஓடலாம். வரிச்சீர் ஓட்டத்தில் உராய்வு மிகக் குறைவு. முன்முனையில் தொடங்கி வண்டியின் எத்தனை அங்குலம் வரை அந்த ஓட்டம் கலையாமல் இருக்கிறதோ அத்தனை லாபம். அதைக் கலைக்கப் பெரிதாக எதுவும் வேண்டாம். மூக்கில் அடிபட்டு ஒட்டிக்கொண்ட ஒரு பூச்சி போதும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் மேடு போதும். பந்தயக் களத்தில் நாலைந்து பேர் துணியும் கையுமாக ஓட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

விதி சொல்வது என்ன

பேட்டில் மவுண்டனில் 2000 முதல் நடந்துவரும் இந்தப் பந்தயத்தின் பெயர் வேர்ல்ட் ஹியூமன் பவர்ட் ஸ்பீட் சேலஞ்ச். செப்டம்பரில் ஒரு வார காலம் நடக்கும். களம் என்று தனியாக எதுவும் இல்லை. ஊருக்குத் தெற்கே பாலைப் பள்ளத்தாக்கில் ஓடும் மாநிலச் சாலை 305-இல் ஒரு நீளமான நேர்ப்பகுதிதான் களம். அங்கே சாதனை என்று எழுத வேண்டுமானால் நிறைவேற வேண்டியவை:

1. தூரம். வேகம் அளக்கப்படுவது 200 மீட்டருக்கு மட்டும். நின்ற இடத்திலிருந்து அல்ல, ஓடிவந்து கடக்கும் 200 மீட்டர். அதற்கு முன் வேகம் சேர்க்கச் சுமார் 8 கிலோமீட்டர் சாலை உண்டு. ரைக்கர்ட் அந்த 200 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் 5 நொடிதான்.

2. காற்று. அளக்கும் இடத்தில் காற்றின் வேகம் நொடிக்கு 1.67 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது மணிக்கு 6 கி.மீ.

3. சரிவு. நூற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 மீட்டருக்கு 67 சென்டிமீட்டர். அதைவிடச் சரிவு கூடாது.

காற்றுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? 6 கி.மீ. காற்று பின்னாலிருந்து வீசினாலே, 144 கி.மீ. வேகத்தில் காற்று இழுவை சுமார் 8 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு சாதனைக்கும் அடுத்த சாதனைக்கும் உள்ள இடைவெளியோ பல நேரங்களில் அதைவிடச் சிறியது. 2009-இல் சாம் விட்டிங்ஹாம் 133.28 கி.மீ. எட்டினார். அதை முறியடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 2013-இல் நெதர்லாந்து மாணவர் குழுவின் வண்டியில் செபாஸ்டியான் போவியர் எட்டியது 133.78. அரை கிலோமீட்டர் கூடுதல்!

சரிவைப் பற்றிச் செய்திகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. 'சமதளச் சாலை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. விதி அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவு 8 கிலோமீட்டருக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 50 மீட்டருக்குச் சற்று மேல் கீழிறங்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், புவியீர்ப்பு தரும் ஆற்றல் சுமார் 52 கிலோஜூல். அதே தூரத்தில் ஐந்தரை நிமிடம் சராசரியாக 400 வாட்ஸில் மிதிப்பவர் தருவது 132 கிலோஜூல். ஆகக்கூடி, மொத்த ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல் சரிவின் கொடை.

இதனால் சாதனை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் சாதாரண சைக்கிளை உருட்டிவிட்டால் மெதுவாகத்தான் நகரும். ஆனால் 'கால் பலம் மட்டுமே' என்று தலைப்பிடுபவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் அந்தச் சாலை இருப்பதால் காற்று அடர்த்தி குறைவு என்பதும் இதே கணக்கில் சேரும். இடத்தை இவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படி நகர்கிறது

விதியைத் தெரிந்துகொண்டால் நாளின் ஒழுங்கு தானாகப் புரியும். ஓட்டங்கள் காலையிலும் மாலையிலும்தான். வெயில் ஏறித் தரை சூடானால் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். நடுப்பகல் முழுக்கப் பழுதுபார்ப்பு, துடைப்பு, தூக்கம்.

சாலை பொதுச் சாலை என்பதால் நாள் முழுக்க மூடி வைக்க முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, அந்த இடைவெளிக்குள் சில வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார்கள். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. போட்டி கடிகாரத்தோடும் காற்றோடும்தான். புதியவர்கள் முதலில் குறைந்த தூர ஓட்டத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தத் தெரியும் என்று காட்டித் தகுதி பெற வேண்டும்.

புறப்படுவதற்கு முன் நடக்கும் வேலை பார்க்கச் சுவாரசியமானது. ஓட்டுபவர் கீழ்ப்பாதி ஓட்டுக்குள் தோள்களைக் குறுக்கி நுழைகிறார். ஷூவைப் பெடலில் மாட்டுகிறார்கள். மேல்பாதியை மேலே வைத்து மூடுகிறார்கள். அப்புறம் இரண்டு பாதியும் சேரும் கோடு முழுக்க மெல்லிய டேப் ஒட்டுவார்கள். ஒருவர் ஒட்டிக்கொண்டே போக, பின்னால் வருபவர் கட்டைவிரலால் அழுத்தி விளிம்பைப் படியவைப்பார். டேப்பின் முனை கொஞ்சம் தூக்கினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்கள். உள்ளே இருப்பவர் இனித் தானாக வெளியே வர முடியாது.

காலை ஊன்றவும் முடியாது. கால் வைக்கத் திறப்பு ஒன்று விட்டால் அதன் வழியே காற்று கலையும் என்பதால் ஓட்டில் அப்படி ஓட்டை எதுவும் இல்லை. அதனால் புறப்பாடு என்பது இரண்டு பேர் சாயாமல் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் மிதிக்க, பிடித்தவர்கள் கூடவே ஓடி விடுவது. நாளின் ஆபத்தான நொடிகளில் இதுவும் ஒன்று. உச்ச வேகத்துக்காகக் கியர் அமைக்கப்பட்ட வண்டியில் தொடக்கத்தில் பெடல் மிகக் கனமாக இருக்கும். ஓட்டின் அகலம் குறைவு என்பதால் சக்கரம் சில டிகிரிக்கு மேல் திரும்பாது. மெதுவாகப் போகும் இருசக்கர வண்டிக்குச் சமநிலை காக்கத் திருப்பம்தான் தேவை, அதுவே இங்கே இல்லை. பத்து மீட்டரில் சாய்ந்து விழுந்துவிட்டால் அந்த முறை போச்சு. அடுத்த வண்டி காத்திருக்காது.

ஓடத் தொடங்கியதும் பின்னால் ஒரு துணைக் கார் இடைவெளி விட்டுத் தொடரும். அளக்கும் பகுதியைத் தாண்டிய பின் வேகம் தணிய நீண்ட சாலை வேண்டும். அதன் கடைசியில் பிடிக்கும் குழு நிற்கும். வண்டி நிற்கப்போகும் சமயத்தில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து, டேப்பை உரித்து, மூடியைத் தூக்கி, ஆளை வெளியே எடுப்பார்கள். பெரும்பாலும் அவரால் சில நிமிடம் பேச முடியாது.

உள்ளே இருப்பவரின் கணக்கு

5 நொடிச் சாதனைக்கு எதற்கு 8 கிலோமீட்டர் ஓட்டம்? காரணம் இயக்க ஆற்றல். 100 கிலோ எடை நொடிக்கு 40 மீட்டரில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல் 80 கிலோஜூல். காற்றே இல்லாத உலகமாக இருந்தாலும், 400 வாட்ஸில் மிதித்து இதைச் சேர்க்க 200 நொடி ஆகும். காற்றும் சக்கர உராய்வும் தம் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும் நிஜ உலகில் ஐந்து, ஆறு நிமிடம்.

ஆகவே இது ஓட்டப்பந்தயத்தின் 100 மீட்டர் போன்றது அல்ல. முதல் சில நிமிடங்களில் அடக்கி மிதிக்க வேண்டும். கடைசி ஒன்றரை நிமிடத்தில் படிப்படியாக ஏற்றி, அளக்கும் பகுதிக்குள் நுழையும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் தீர்ந்துவிட்டால் உச்ச வேகம் 200 மீட்டருக்கு முன்பே வந்து போய்விடும். தேக்கிவைத்தால் வண்டி கோட்டைத் தாண்டிய பிறகும் வேகம் கூடிக்கொண்டிருக்கும். அந்தக் கூடுதல் வேகம் யார் கணக்கிலும் வராது.

உடம்பைப் பொறுத்தவரை இன்னொரு தொல்லை சூடு. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கே பெடலுக்குப் போகும். மீதி வெப்பம். 400 வாட்ஸ் மிதிப்பவர் 1,200 வாட்ஸுக்குக் குறையாமல் வெப்பத்தை வெளியிடுகிறார். அதுவும் டேப் ஒட்டி மூடிய ஓட்டுக்குள். காற்று உள்ளே வர வழி விட்டால் இழுவை கூடும், விடாவிட்டால் ஆள் தாங்க மாட்டார். ஒவ்வொரு குழுவும் இந்தப் பேரத்தில் தனக்கென்று ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது.

பார்வை? கண்ணாடி வைத்தால் மூச்சுக்காற்றில் ஆவி படியும். அதோடு ஓட்டின் வளைவும் கெடும். அதனால் ரைக்கர்ட் ஓட்டிய ஏட்டா வண்டியில் ஜன்னலே கிடையாது. வெளியே கேமரா, உள்ளே திரை. ஒன்று கெட்டால் கைகொடுக்க இன்னொன்று. 140 கி.மீ. வேகத்தில் சாலையைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு ஓட்டுவது!

ஏட்டாவைச் செய்த ஏரோவெலோ குழுவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. மனித பலத்தால் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அறிவிக்கப்பட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் கிடைக்காமல் இருந்த சிகோர்ஸ்கி பரிசை 2013-இல் வென்றவர்களும் இவர்களே. அதிலும் பெடல் மிதித்தது ரைக்கர்ட்தான். குறைந்த வாட்ஸில் நிறைய வேலை வாங்குவது எப்படி என்ற அதே கேள்வி சாலைக்கு இறங்கி வந்தது. 133.78-இலிருந்து 144.17-க்குப் போவது எண்ணில் 8 விழுக்காடுகூட இல்லை. மும்மடிக் கணக்கில் பார்த்தால், அதே ஓட்டை வைத்துக்கொண்டு இதை எட்டக் காற்றுக்கு மட்டும் 25 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். அந்த 25 விழுக்காட்டில் பெரும்பங்கை ஓட்டின் வடிவத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

பெண்கள் பிரிவில் 2019-இல் பிரான்சின் இலோனா பெல்தியே 126.52 கி.மீ. எட்டினார்.

ஒலிம்பிக்கில் ஏன் இல்லை

இவ்வளவு வேகமான வண்டி வழக்கமான சைக்கிள் பந்தயங்களில் ஏன் தென்படுவதில்லை என்பதற்கு ஒரு பழைய தீர்ப்பு காரணம். 1933-இல் பிரான்சின் பிரான்சுவா ஃபோர், படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடி, 1914 முதல் இருந்துவந்த சாதனையை முறியடித்தார். ஃபோர் முதல் வரிசை வீரர் அல்ல என்பதுதான் சிக்கலே. இரண்டாம் நிலை வீரர் ஒருவர் வண்டியின் தயவில் சாதனையாளர்களை முந்துவதா என்று கேள்வி எழுந்தது. 1934-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்து, படுத்து ஓட்டுவதை விலக்கிவிட்டது.

அந்த முடிவை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அளவிட வேண்டியது வீரரையா வண்டியையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதன் விளைவாகச் சைக்கிளின் வடிவம் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய உறைந்துபோனது. வடிவத்துக்குத் தடையே இல்லாத பந்தயம் வேண்டும் என்று 1975-இல் செஸ்டர் கைல் போன்றவர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு போட்டி நடத்தினார்கள். அங்கே உச்ச வேகம் 72 கி.மீ. அளவில்தான். அடுத்த ஆண்டு சர்வதேச மனித ஆற்றல் வாகனச் சங்கம் உருவானது. 1986-இல் ஃபிரெட் மார்க்கம் 105 கி.மீ. தொட்டு, மணிக்கு 65 மைல் என்ற எல்லைக்கு டூபாண்ட் நிறுவனம் வைத்திருந்த 18,000 டாலர் பரிசை வாங்கினார். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற எல்லைக்கான டெசிமேக் பரிசை 2008-இல் விட்டிங்ஹாம் வென்றார். 2000-க்குப் பிறகு இந்தக் கதையின் பெரும்பகுதி ஒரே சாலையில்தான் நடந்திருக்கிறது.

இது தெருவுக்கு வருமா

இந்த வண்டிகள் அப்படியே வராது. வளைவில் திரும்பாத, காலை ஊன்ற முடியாத வண்டியால் யாருக்கும் பயனில்லை. வருவது இதன் சாந்தமான உறவு: மூன்று சக்கர வண்டியின் மேல் ஓடு பொருத்திய வெலோமொபைல். 40 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளுக்குச் சுமார் 450 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில், நல்ல வெலோமொபைலுக்கு 120 வாட்ஸ் அளவு போதும்.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? எடை 25, 30 கிலோ, மேட்டில் அது தோளில் ஏறி உட்காரும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்பட்டால், ஒவ்வொரு முறையும் அந்த எடையைப் புதிதாக உந்த வேண்டும். 15, 20 கி.மீ. வேகத்தில் காற்றே பெரிய எதிரி அல்ல என்பதால் ஓட்டின் பலன் தெரியாது. நிற்காமல் நீளமாக ஓடக்கூடிய சமமான பாதை தினமும் கிடைப்பவருக்குத்தான் மும்மடிக் கணக்கு லாபம் தரும்.